முடிந்துபோன இவாலில் விட்டுப்போனதைச் சேர்ப்பது எப்படி?

அமெரிக்கக் கடற்படையில் ஈ-5 என்ற மாலுமி நிலையில் இருப்பவர்களுக்கு ஆண்டு இவால் (மேலதிகாரி எழுதும் பணி மதிப்பீட்டு அறிக்கை) மார்ச் 15ஆம் தேதியோடு முடியும். ஒரு முறை எங்கள் பிரிவில் பிப்ரவரியில் ஆய்வு நடந்தது. முடிவு வந்ததோ ஏப்ரலில். மாதக்கணக்கில் நான் ராத்திரி ராத்திரியாகச் சரிபார்த்த பதிவேடுகளுக்கு ஒரு குறைகூட எழுதவில்லை. ஆனால் அதற்குள் என் இவால் கையொப்பமாகி டென்னசியில் மில்லிங்டனில் உள்ள கடற்படைப் பணியாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டது. அந்த ஒரு வரியைச் சேர்க்க நான் அலைந்த கதைதான் இந்தச் செய்முறை.

முதலில், உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். மதிப்பெண் சரி, ஒரு தகவல்தான் விட்டுப்போயிற்று என்றால் லெட்டர் சப்ளிமென்ட், அதாவது இவாலோடு சேர்க்கும் ஒரு துணைக் கடிதம், போதும். 1.0 முதல் 5.0 வரையுள்ள மதிப்பெண்ணோ பதவி உயர்வுப் பரிந்துரையோ மாற வேண்டுமென்றால், சப்ளிமென்டல் ரிப்போர்ட் என்று முழுப் படிவத்தையும் புதிதாக நிரப்ப வேண்டும். ‘எனக்கு இதில் உடன்பாடில்லை’ என்று நீங்களே எழுதுவது மெம்பர்ஸ் ஸ்டேட்மென்ட். அது வேறு சங்கதி, இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். லெட்டர் சப்ளிமென்டால் மதிப்பெண் மாறாது. அதனால் பதவி உயர்வுத் தேர்வுக் கணக்கில் சேரும் சராசரியும் ஏறாது. இதை நம்பி அடுத்த தேர்வுக்குக் கனவு காண வேண்டாம்.

அடுத்தது கையொப்பம். நான் சறுக்கியது இங்கேதான். கடிதத்தை அழகாக அடித்து, புதிதாக வந்திருந்த கேப்டனிடம் கையொப்பம் வாங்கி அனுப்பினேன். அப்படியே திரும்பி வந்தது. இவாலில் யார் ரிப்போர்ட்டிங் சீனியராக, அதாவது மதிப்பிடும் அதிகாரியாக, கையொப்பமிட்டாரோ அவரே இதிலும் இட வேண்டும். அவர் மாற்றலாகிப் போயிருந்தாலும் அவர்தான்; அந்த நாற்காலிக்கு வந்தவர் அல்ல. பழைய கேப்டனுக்கு மின்னஞ்சல் போட எனக்கு மூன்று வாரம் கூச்சம். போட்டதும் மறுநாளே, “வரைவை அனுப்பு” என்று பதில் வந்தது. சும்மா தயங்கியிருக்கிறேன்! ஆய்வு முடிவின் நகலையும் இணைத்து அனுப்புங்கள். எத்தனையோ பேருக்கு இவால் எழுதியவருக்கு உங்கள் கதை நினைவில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கடிதத்தில் கதை வேண்டாம். பெறுநர் பெர்ஸ்-32, அதாவது மில்லிங்டனில் இவால்களைக் கவனிக்கும் பிரிவு. எந்த இவால், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த வரி சேர வேண்டும், அது ஏன் அப்போது தெரியவில்லை. அவ்வளவுதான். நீங்களும் அதைப் பார்த்துக் கையொப்பமிட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நான் சாதாரண வேர்டில்தான் அடித்தேன். இவால் அடிக்கும் பழைய நேவ்ஃபிட்98ஏ செயலி இருந்த காலத்தில் பாதி நேரம் அதோடு மல்லுக்கட்டவே போகும். ஒரு பக்கக் கடிதத்துக்கு அப்படி எந்தத் தனிச் செயலியும் தேவையில்லை.

காலக்கெடு இரண்டு ஆண்டு. கையொப்பமிட்ட நாளிலிருந்து அல்ல, இவால் படிவத்தின் 15ஆம் கட்டத்தில் இருக்கும் முடிவுத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். அது கடந்துவிட்டால் டிடி 149 படிவத்தோடு கடற்படைப் பதிவேடு திருத்த வாரியத்திடம்தான் போக வேண்டியிருக்கும். அது நீண்ட பாதை.

அனுப்பிய பிறகு பூப்பர்ஸ் ஆன்லைன் என்ற கடற்படைப் பணியாளர் இணையதளத்தில் நுழைந்து உங்கள் அதிகாரப்பூர்வக் கோப்பை அவ்வப்போது பாருங்கள். பழைய இவால் அப்படியே இருக்கும். கடிதம் அதோடு கூடச் சேரும். பழையதை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்து நான் ஏமாந்தேன்.

பின்னால் சேர்த்தது: மார்ச் 20இல் முடித்த தகுதிச் சான்றைச் சேர்க்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். முடியாது தம்பி, அது அடுத்த இவாலுக்கான சரக்கு. என் வழக்கில் வேலை நடந்தது காலத்துக்குள்ளேயே, தாள்தான் தாமதம்.

இன்னொன்று: தரைப்படையில் இருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். உங்களுக்கு ஏஆர் 623-3 விதி, ஃபோர்ட் நாக்ஸ் அலுவலகம், எல்லாம் தனி. சீஃப் (ஈ-7) பதவிக்கான தேர்வு வாரியம் நெருங்கிவிட்டது, கடிதம் கோப்பில் ஏற நேரமில்லை என்று தவிக்கும் கடற்படை ஈ-6 அண்ணன்மார், வாரியத்துக்கே நேரடியாக ஒரு கடிதம் எழுதி அதில் ஆவணத்தை இணைத்துவிடலாம். ஆனால் அது அந்த வாரியத்தோடு சரி, நிரந்தரக் கோப்பில் ஏறாது. ஆகவே லெட்டர் சப்ளிமென்ட் வேலையையும் கூடவே நடத்துங்கள்.