பூஜ்யம் மட்டுமே காட்டிய சென்சார்

அசைவையும் சாய்வையும் அளக்கும் எம்பியூ-6050 சென்சாரை ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையோடு இணைத்தேன். ஸ்கேன் செய்தால் ஹெக்ஸில் (16 அடிமான எண் முறையில்) 68 என்ற முகவரியில் ஒழுங்காகப் பதில் சொல்கிறது. ஆனால் எப்படிச் சாய்த்தாலும் ஆறு அளவுகளும் (மூன்று அச்சுகளில் முடுக்கம், மூன்றில் சுழற்சி வேகம்) பூஜ்யம்தான். சாலிடரிங்கைச் சந்தேகித்து ஒரு மாலை முழுக்க ஒயர்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். வீண். மின்சாரம் கிடைத்ததும் இந்தச் சிப் தூக்க நிலையில்தான் தொடங்குமாம். சிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் நினைவிடங்களில் ஒன்றான 107ஆம் ரெஜிஸ்டரில் 0 எழுதினால்தான் விழிக்கும். டேட்டாஷீட்டில் தெளிவாகவே இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. எழுதியதும் எண்கள் ஓடத் தொடங்கின.

அப்புறம் பார்த்தால், மேசையில் சும்மா கிடக்கும்போதே கோணம் மெல்ல நகர்கிறது. சுழற்சி வேகத்தை அளக்கும் கைரோவை மட்டும் நம்பினால் அப்படித்தான். அசையாமல் வைத்து எடுத்த 500 கைரோ அளவுகளின் சராசரியை ஒவ்வொரு அளவிலிருந்தும் கழித்தேன். பிறகு கோணத்துக்கு கைரோ 98, முடுக்கமானி 2 சதவீதம் என்று கலந்தேன். சாய்வு நகர்வது நின்றது. திசை மட்டும் இன்னும் நகர்கிறது. அதற்குக் காந்த சென்சார் வேண்டும்.