கடைசியில் இறங்கும் வண்டி முதலில் ஏற வேண்டும்

அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் ஆறு வண்டியின் சாவியும் கைக்கு வந்ததும் ட்ரெய்லரில் கார் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுக்கிற இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பெடியன்கள் செய்கிற முதல் வேலை, கிட்ட நிற்கிற வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதுதான். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது சாவிகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு துண்டுக் கடதாசியில் இரண்டு கோடு இழுத்து, மேல்தட்டில் எது, கீழ்த்தட்டில் எது என்று எழுதி முடிக்காமல் ஒரு வண்டியையும் அசைக்க விடுவதில்லை.

இதைப் படிப்பித்துத் தந்தது அக்கரைப்பற்று. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திரும்பவும் திறபட்டதும் ஓட்டம் கூடிய நேரம். அவசரத்தில் அக்கரைப்பற்றில் இறங்க வேண்டிய காரை கீழ்த்தட்டின் முன் மூலைக்கு ஏற்றிவிட்டேன். அங்கே போய், நல்ல மழையில், பின்னால் நின்ற இரண்டையும் ரோட்டோரம் இறக்கி, அதை எடுத்து, இரண்டையும் திரும்ப ஏற்றினோம். இரண்டு மணித்தியாலம் போனது. ஒரு பம்பரிலும் கீறல். அந்தக் காசு என் கையிலிருந்து போனது.

எங்கள் ட்ரெய்லர் இரண்டு தட்டு. கீழ்த்தட்டு 11.5 மீட்டர். மேல்தட்டு கெபின் பக்கம் கொஞ்சம் நீண்டு 12 மீட்டர். மேல்தட்டின் பின்பாதி சாய்ந்து இறங்கி ஏறுவழியாகும் வகை. ஆகவே மேலே முதலில் ஏற்ற வேண்டும், கீழே இருப்பவை போன பிறகுதான் மேலே இருப்பவை இறங்கும். ஊர் வரிசை தெரிந்தால் பாதிக் கணக்கு முடிந்தது. வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ தாண்டி பொத்துவில் வழியாக வந்தால் நமக்கு அக்கரைப்பற்று, கல்முனை, களுவாஞ்சிக்குடி, மட்டக்களப்பு என்றுதான் வரும். மட்டக்களப்புக்காரன் மேலே முன்னுக்கு, அக்கரைப்பற்றுக்காரன் கீழே கடைசியில்.

அடுத்தது நீளம். ஜப்பானில் கேய் கார் (அவர்களின் ஆகச் சின்ன கார் வகை) என்றால் 3.4 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். அதனால் ஜப்பானிலிருந்து வருகிற வேகன் ஆர், அல்டோ எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 3.4 என்று போடலாம். அக்குவா 4 மீட்டர், வெசல் 4.3. போன தடவை அக்கரைப்பற்றுக்கு ஒரு வெசல், கல்முனைக்கு இரண்டு வேகன் ஆர், களுவாஞ்சிக்குடிக்கு அல்டோ, மட்டக்களப்புக்கு இரண்டு அக்குவா. கீழே இரண்டு வேகன் ஆரும் வெசலும்: 11.1. மிச்சம் 40 சென்ரிமீட்டர், வண்டிக்கு வண்டி ஒரு சாண் இடைவெளிக்குப் போதும். மேலே இரண்டு அக்குவாவும் அல்டோவும்: 11.4. இதையே கீழ்த்தட்டில் போட்டிருந்தால் பம்பரும் பம்பரும் முத்தமிட்டிருக்கும். மேலே என்றால் 60 சென்ரிமீட்டர் மிச்சம். அந்தக் கடதாசித் துண்டு இதற்குத்தான்.

பாரம் பற்றி ஒன்று. வெசல் சுமார் 1,300 கிலோ, வேகன் ஆர் 800 கிலோ அளவில். பாரமானது கீழே, ட்ரெய்லர் அச்சுக்குக் கிட்ட நிற்க வேண்டும். அச்சுக்குப் பின்னால் தொங்கும் பகுதியில் பாரத்தை வைத்தால் முன்பக்கம் இலேசாகி, ஓடும்போது வால் ஆடும். ஒருதரம் ஆடத் தொடங்கினால் பிரேக் பிடிக்கப் பிடிக்கக் கூடும்.

என் மருமகன்தான் கிளீனர். அவன் கேட்ட கேள்வி நியாயமானது: "மாமா, கல்முனையில கீழ மூண்டும் போயிட்டா, மேல மட்டும் பாரம் நிக்குமே?" ஓம், நிற்கும். ஊர் வரிசைப்படி ஏற்றினால் வருகிற வில்லங்கம் அது. மேல் பாரம் கூடி, கீழ் வெறுமை. சும்மா நாளில் மெதுவாகப் போகலாம் என்பார்கள். ஆனால் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நம் கரையோர ரோட்டில் காற்று பக்கத்திலிருந்து அறையும். கல்லாற்றுப் பாலத்திலும் கல்லடிப் பாலத்திலும் மறைக்க ஒரு மரம் கிடையாது. அதனால் கல்முனையிலேயே மேலிருந்து அல்டோவையும் ஒரு அக்குவாவையும் இறக்கி, அக்குவா முன்னும் அல்டோ பின்னுமாகக் கீழே கட்டிவிடுவேன். அரை மணித்தியாலம் போகும். போகட்டும்.

ஏற்றும் இடம் எப்போதும் சமதரையாக இருக்காது. ட்ரெய்லரின் பின்பக்கம் மேடான பக்கத்தைப் பார்த்து நின்றால் ஏறுபலகையின் சரிவு குறையும். தாழ்ந்த பம்பர் உள்ள அக்குவா போன்றவை தட்டாமல் ஏறும். அதற்கும் தட்டினால் பலகையின் அடியில் இரண்டு அங்குலப் பலகைத் துண்டு இரண்டு வையுங்கள். நம் கரைப்பக்க மணலில் இறக்கும்போதும் அதே துண்டுகள் வேண்டும், இல்லாவிட்டால் ஏறுபலகையின் நுனி மணலுக்குள் போய்விடும். ஏற்றுபவர் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரே சீரில் ஏற வேண்டும். வழிகாட்டுபவர் ஒருவர் மட்டும் பேச வேண்டும். நாலு பேர் "வா வா" என்றால் வண்டி கீழே வரும்.

ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு வின்ச், அதாவது கம்பிவடத்தைச் சுற்றி வண்டியை இழுக்கிற கருவி. பம்பரிலோ சஸ்பென்ஷன் கையிலோ கொக்கி போடாதீர்கள். டிக்கியில் டூல்ஸோடு ஒரு திருகு வளையம் இருக்கும், பம்பரில் சின்ன மூடியைக் கழற்றி அதை முறுக்கிப் போட்டு இழுக்க வேண்டும். பிரியஸ் என்றால் இன்னொரு தொல்லை: சின்ன 12 வோல்ட் பட்டரி இறந்தால் 'பி'யிலிருந்து (பார்க், வண்டி நிறுத்தும் நிலை) கியர் வெளியே வராது. பட்டரி பின்னால் இருந்தாலும், எஞ்சின் பக்கத்துப் பியூஸ் பெட்டிக்குள் ஜம்ப் பண்ண ஒரு முனை இருக்கிறது. அதில் கரண்ட் கொடுத்தால் நியூட்ரலுக்கு வரும்.

கட்டுவதில்தான் ஆட்கள் பிழை விடுகிறார்கள். பழைய முறையில் சஸ்ஸியில் கொக்கி போட்டு, வண்டி குந்தும்வரை இறுக்குவார்கள். முதல் பள்ளத்தில் ஸ்பிரிங் இன்னும் அமுங்கும், கட்டு தளரும், கொக்கி கழன்று விழும். ரயரின் மேலால் பெல்ட் போட்டுத் தட்டோடு கட்டினால் சில்லு அசையாது, வண்டி தன் ஸ்பிரிங்கில் ஆடிக்கொள்ளும். நாலு சில்லுக்கும் நாலு பெல்ட், ரயருக்கு முன்னும் பின்னும் அடைக்கட்டை, ஹேண்ட் பிரேக், கியர் 'பி'யில். கட்டுவதற்கு முன் ரயருக்குக் காற்று இருக்கிறதா பாருங்கள், பாதிக் காற்றில் இறுக்கிய பெல்ட் தானாகத் தளரும். நைலோன் கயிறு கொண்டுவராதீர்கள், மழையில் நனைந்தால் இழுபடும். வண்டி ஆடுவதால் கூரைக்கும் மேல்தட்டுக்கும் இடையில் ஒரு சாண் விடுங்கள். வேகன் ஆர் 1.65 மீட்டர் உயரம், கீழே அளந்துதான் வைக்க வேண்டும். ஏரியலைக் கழற்றிவிடுங்கள். பின்பக்கம் பார்த்து நிற்கிற வண்டியின் டிக்கிக் கதவு நன்றாகப் பூட்டியிருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள், காற்று அங்கேதான் பிடிக்கும்.

புறப்பட்டு 20, 30 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி எல்லாப் பெல்ட்டையும் திரும்ப இறுக்க வேண்டும். புதிதாகக் கட்டியது எதுவும் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் விடும். நான் இரண்டாவது தடவை பார்ப்பது சியம்பலாண்டுவயில், தேத்தண்ணிக் கடை வாசலில். அதற்குப் பிறகு லாகுகலக் காட்டில் நிறுத்த மாட்டேன், இருட்டில் யானை ரோட்டில் நிற்கும். ஆகவே அங்கே தளர்ந்தால் பொத்துவில் வரை அப்படியே வரவேண்டும். அதனால் சியம்பலாண்டுவயில் தேத்தண்ணி ஆறினாலும் பரவாயில்லை, பெல்ட்தான் முதல்.

இறக்கும்போது பெல்ட்டை அவிழ்ப்பதற்கு முன் வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று பாருங்கள். அந்தப் பக்க அடைக்கட்டையைக் கடைசியாக எடுங்கள். சாவியை உரிமையாளரிடம் கொடுப்பதற்கு முன் நாலு பக்கமும் போன் படம் எடுத்துவிடுங்கள், ஏற்றும்போது எடுத்த அதே நாலு கோணத்தில்.