பெரிய மரக்கிண்ணம் கடைய எந்தச் சக்? கிண்ணத்தின் அடியிலிருந்து தொடங்குவோம்

வெட்டிப் போட்டிருந்த தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு நல்ல கட்டை கிடைத்தது. 300 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கிண்ணம் கடைய ஆரம்பித்தேன். வெளிப்பக்கம் அழகாக வந்துவிட்டது. திருப்பி மாட்டி உள்ளே குடையத் தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, உளி ஓரிடத்தில் கொத்திப் பிடித்தது. கிண்ணம் பிய்த்துக்கொண்டு கடைசல் இயந்திரமான லேத் மேல் விழுந்து சுவர் வரை போனது. பக்கத்தில் யாரும் இல்லை, முகக்கவசமும் போட்டிருந்தேன். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மரத்தைப் பிடிக்கும் கருவியான சக்கைப் பார்த்தால், தாடைகளுக்கு நடுவே 50 மில்லிமீட்டர் மரத்துண்டு ஒன்று அப்படியே இறுகப் பிடித்தபடி இருந்தது. சக் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அது பிடித்திருந்த மரம்தான் ஒடிந்துபோனது.

அதனால்தான், புதிதாகச் சக் வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்கள் கிண்ணத்தின் அடி எவ்வளவு அகலம்?

நம் ஊர்க் கடைசல் பட்டறைகளில் கட்டில் கால், தொட்டில் கம்பு, சப்பாத்திக் கட்டை எல்லாம் இரண்டு முனைகளுக்கு நடுவே மாட்டிக் கடைவார்கள். இரண்டு பக்கமும் பிடி இருக்கும். கிண்ணம் அப்படி இல்லை. உள்ளே குடைய வாய் திறந்திருக்க வேண்டும், ஆகவே அடியில் மட்டுமே பிடிக்க முடியும். அந்த ஒற்றைப் பிடிக்குத்தான் சக்.

படி 1: உங்கள் லேத்துக்கு எவ்வளவு பெரிய கிண்ணம் தாங்கும்?

ஸ்பிண்டிலின் (சக் ஏறும் சுழல்தண்டு) மையத்திலிருந்து கீழே உள்ள படுகை (லேத்தின் நீளமான அடித்தளம்) வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். லேத்தில் சுழலக்கூடிய மிகப் பெரிய விட்டம் அதுதான். அதிலிருந்து ஒரு 30, 40 மில்லிமீட்டர் கழித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பச்சைக்கட்டை முதலில் சரியான வட்டமாக இருக்காது.

எடையையும் கணக்குப் போடுங்கள். 300 மில்லிமீட்டர் விட்டமும் 120 மில்லிமீட்டர் உயரமும் உள்ள பச்சைக்கட்டை சுமார் 8 கிலோ வரும். 400 மில்லிமீட்டர் விட்டம், 150 உயரம் என்றால் 17, 18 கிலோவைத் தொடும். விட்டம் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது, எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. மேசைமேல் வைக்கும் சின்ன லேத் என்றால் இங்கேயே நின்று யோசியுங்கள். எவ்வளவு நல்ல சக் வாங்கினாலும் லேத்தின் பேரிங் தாங்க வேண்டும்.

படி 2: குமிழின் அளவை முடிவு செய்யுங்கள்

கிண்ணத்தின் அடியில் சக் பிடிப்பதற்காக விடும் வட்டமான மரத்துண்டை டெனன் என்பார்கள். நான் குமிழ் என்றே சொல்கிறேன். கிண்ண விட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது குமிழ் இருக்கட்டும். 300 மில்லிமீட்டர் கிண்ணத்துக்கு 100, 360க்கு 120.

ஏன் இவ்வளவு? உளி கொத்தும்போது இழுப்பு கிண்ணத்தின் விளிம்பில் விழுகிறது. 300 மில்லிமீட்டர் கிண்ணத்தில் விளிம்பு மையத்திலிருந்து 150 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. குமிழ் 50 என்றால் அதன் ஓரம் மையத்திலிருந்து 25 மில்லிமீட்டர்தான். நெம்புகோல்போல, விளிம்பில் விழும் இழுப்பு குமிழின் ஓரத்தில் ஆறு மடங்காக வந்து சேரும். குமிழ் 100 ஆனால் மூன்று மடங்கோடு போயிற்று. அதோடு, குமிழைக் கிண்ணத்தோடு இணைக்கும் மரத்தின் பரப்பு நாலு மடங்கு ஆகிறது. என் கிண்ணம் ஒடிந்ததற்கு இந்தக் கணக்கே காரணம்.

குமிழை உயரமாக விட்டால் பலம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது. கிண்ணக்கட்டையில் மரத்தின் நார் குறுக்காகப் படுத்து ஓடுகிறது. உயரமான, ஒல்லியான குமிழ் அந்த நார் வழியே சீவினாற்போல் பிரிந்துவிடும். 100 மில்லிமீட்டர் குமிழுக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் உயரம் போதும். இன்னொன்றும் முக்கியம்: குமிழின் முனை சக்கின் உள்தளத்தைத் தொடக் கூடாது. குமிழைச் சுற்றியுள்ள தோள்பட்டைதான் தாடைகளின் மேல்முகத்தில் ஒட்டி உட்கார வேண்டும். கிண்ணம் ஆடாமல் நிற்பது அந்தத் தோளில்தான். அங்கே தாள் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால்கூடக் கழற்றிச் சரிசெய்துவிட்டு மாட்டுங்கள்.

குமிழுக்குப் பதிலாக அடியில் குழி குடைந்து, தாடைகளை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் வழியும் உண்டு. காய்ந்த மரத்தில், குழியைச் சுற்றி 25 மில்லிமீட்டர் மரமாவது மிச்சம் இருந்தால் அது நன்றாகவே வேலை செய்யும். பச்சை மரத்தில் பெரிய கிண்ணம் என்றால் நான் குமிழைத் தவிர வேறு எதையும் நம்புவதில்லை. விரிக்கும் தாடை மரத்தைப் பிளக்கப் பார்க்கும், இறுக்கும் தாடை சேர்த்துப் பிடிக்கும்.

படி 3: முதலில் தாடை, பிறகு உடல்

மரக்கடைசலுக்கு நாலு தாடைச் சக். ஒரு சாவியைத் திருப்பினால் நாலும் சேர்ந்து நகர்ந்து தானாக மையத்துக்கு வரும். இரும்பு கடையும் லேத் பட்டறையில் இருக்கும் மூன்று தாடைச் சக்கை மரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். அது மூன்று ஒல்லியான இடங்களில் மட்டும் கடித்து மரத்தை நசுக்கும், துருத்திக்கொண்டு சுழலும் முனைகள் விரலைப் பதம் பார்த்துவிடும்.

தாடைகள் தனியாகக் கழற்றி மாற்றக்கூடியவை, பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு திருகாணி. சக்கோடு பெட்டியில் வருவது பொதுவாக 50 மில்லிமீட்டர் வகைத் தாடை. பெரிய கிண்ணத்துக்கு 100 அல்லது 130 மில்லிமீட்டர் வகைத் தாடைகளைத் தனியே வாங்க வேண்டியிருக்கும். ஆகவே சக் வாங்கும் முன், அந்தப் பிராண்டில் பெரிய தாடை கிடைக்கிறதா என்று பாருங்கள்.

தாடையின் அளவு என்றால் என்ன என்பதில்தான் புதியவர்கள் குழம்புவார்கள். நாலு தாடைகளும் ஏறக்குறைய மூடியிருந்து, நடுவில் மெல்லிய இடைவெளி மட்டும் இருக்கும்போதுதான் அவற்றின் உள்பக்கம் முழு வட்டமாகிறது. அந்த விட்டத்தில் குமிழ் இருந்தால் தாடை முழுதும் மரத்தில் படியும். குமிழ் அதைவிட மிகப் பெரிதானால் தாடைகளின் ஓரங்கள் மட்டும் எட்டு இடங்களில் மரத்தைக் கடிக்கும். பெட்டியில் பிடிக்கும் வரம்பு இத்தனை முதல் இத்தனை வரை என்று போட்டிருப்பார்கள். அந்த வரம்பின் மேல் எல்லையை நம்பிப் பெரிய கிண்ணத்தை மாட்டாதீர்கள்.

பச்சை மரம் கடைவதானால் இதில் ஒரு சின்ன விட்டுக்கொடுப்பு வேண்டும். கிண்ணத்தை முதலில் தடிமனாக, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர் விட்டுக் கடைந்து, மாதக்கணக்கில் காயவைத்து, மறுபடி மாட்டி முடிப்போம். காயும்போது நார் ஓடும் திசையில் மரம் ஏறக்குறையச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். வட்டக் குமிழ் முட்டை வடிவம் ஆகிவிடும். ஆகவே 100 மில்லிமீட்டர் தாடைக்கு 108 அளவில் குமிழ் விடுங்கள். காய்ந்தபின் அதை மறுபடி வட்டமாக்கும்போது 100க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். (தூங்குமூஞ்சி மரம் மற்ற பல மரங்களைவிடக் குறைவாகவே சுருங்கும். ஹவாய்த் தீவுகளில் அந்த மரத்துக் கிண்ணங்கள் பேர்போனவை. பச்சையாகக் கடையப் பழகுகிறவர்களுக்கு அது நல்ல தொடக்கம்.)

தாடை முடிவானால் சக்கின் உடல் தானே முடிவாகும். 100 மில்லிமீட்டர் விட்டம் உள்ள நடுத்தரச் சக் 300 வரையிலான கிண்ணங்களுக்குச் சரி. அதற்கு மேல் போவதானால் 120 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள கனமான உடல் வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்மார்க் 100, 120, 150 என்று அளவையே பெயராக வைத்திருக்கிறது. கனடாவின் ஒன்வேயில் நடுத்தரத்துக்கு டேலன், பெரிய லேத்துக்கு ஸ்ட்ராங்ஹோல்டு. நியூசிலாந்தின் டெக்னாடூல் நிறுவனம் நோவா என்ற பெயரில் விற்கும் வரிசையில் ஜி3 சிறியது, சூப்பர்நோவா2 நடுத்தரம், டைட்டன் பெரியது. இங்கிலாந்தின் ஆக்ஸ்மின்ஸ்டர், ரெக்கார்டு பவர் சக்குகளையும் நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். ஒன்றின் தாடை இன்னொன்றில் பொதுவாகப் பொருந்தாது. முதல் சக்கோடு ஒரு குடும்பத்துக்குள் போகிறீர்கள் என்று நினைத்து வாங்குங்கள்.

படி 4: மரையை அளங்கள்

சக் ஸ்பிண்டிலில் மரை (திருகின் சுருள் வரி) வழியாகத்தான் ஏறும். வெர்னியர் வைத்து மரையின் வெளிவிட்டத்தை அளந்து, 25 மில்லிமீட்டர் நீளத்தில் எத்தனை மரை என்று எண்ணுங்கள். விட்டம் 25.4, எட்டு மரை என்றால் 1 அங்குலம் 8 மரை: சிறிய, நடுத்தர லேத்துகளில் இது அதிகம். 31.75, எட்டு மரை என்றால் ஒன்றேகால் அங்குலம், பெரிய அமெரிக்க வகை லேத்துகள். 33 மில்லிமீட்டர், மரைக்கு மரை 3.5 மில்லிமீட்டர் என்றால் எம்33, ஐரோப்பிய வகை. கடைசி இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். பொருந்தாததைச் சாவி போட்டு முறுக்கி ஏற்றினால் ஸ்பிண்டில் போய்விடும்.

சில சக்குகளில் மரை உடலிலேயே வெட்டியிருக்கும். சிலவற்றில் தனி அடாப்டர் உண்டு, லேத்தை மாற்றினால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பெரிய கிண்ணத்துக்கு நேரடி மரை உள்ளதையே நான் தேர்ந்தெடுப்பேன். சக் பேரிங்கிலிருந்து தள்ளிப் போகப் போக அதிர்வு கூடும். ஒரு மரைக்கு இன்னொரு மரை ஒட்டுகிற வெளி அடாப்டரைப் பெரிய கட்டைக்கு மாட்டவே வேண்டாம்.

படி 5: கையில் எடுத்துப் பாருங்கள்

ஒரே சாவியால் இறுக்கும் சக்கை வாங்குங்கள். இரண்டு கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்துத் திருகும் வகையும் உண்டு. 10 கிலோ கட்டையை யார் தாங்குவது? ஒரு கை கட்டைக்கு, ஒரு கை சாவிக்கு. தாடை எல்லை மீறி வெளியே வராமல் தடுக்கும் முளை இருக்கிறதா, ஸ்பிண்டிலோடு பூட்டும் சிறு திருகாணி இருக்கிறதா என்றும் பாருங்கள். எதிர்த்திசையில் ஓட்டும்போதோ, சட்டென்று பிரேக் பிடிக்கும்போதோ சக் கழன்று வராமல் இருக்க அது வேண்டும்.

படி 6: முதல் முறை மாட்டும்போது

முதல் கட்டத்தில், கரடுமுரடான கட்டைக்குச் சக் வேண்டாம். அப்போது ஃபேஸ்பிளேட்தான் (ஸ்பிண்டிலில் ஏறும், திருகாணித் துளைகள் உள்ள தட்டு) நல்லது. தடித்த மரத்திருகாணிகளால் கட்டையின் வாய்ப்பக்கத்தில் அதை முடுக்கி, டெயில்ஸ்டாக்கை (லேத்தின் எதிர்முனையில் நகர்த்தி முட்டும் பகுதி) முட்டுக்கொடுத்து வெளிப்பக்கத்தையும் குமிழையும் கடையுங்கள். ஜிப்சம் பலகைக்கு அடிக்கும் கறுப்புத் திருகாணி பட்டென்று ஒடியும், அது ஆகாது. அப்புறம் திருப்பிச் சக்கில் மாட்டுங்கள்.

தாடைகளிலும் உடலிலும் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும். அந்த வரிசை மாறினால் மையம் விலகும். குமிழின் ஓரத்தைத் தாடையின் சாய்வுக்கு ஏற்ப லேசாக உள்சாய்வாகச் சீவுங்கள். இறுக்கி, கையால் சுற்றிப் பார்த்து, மறுபடி இறுக்குங்கள். பச்சை மரம் தாடைக்குள் நசுங்கி இளகும், ஆகவே பத்து நிமிடம் கடைந்தபின் நிறுத்தி இன்னொரு முறை இறுக்கவும்.

வேகத்துக்குக் கடைசல்காரர்கள் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6000 முதல் 9000க்குள் இருக்க வேண்டும். 12 அங்குலக் கிண்ணத்துக்கு 500 முதல் 750 சுற்று. 600 சுற்றிலேயே விளிம்பு மணிக்கு 34 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சமநிலை இல்லாத கட்டையை அதற்கும் கீழே, லேத் ஆடாத வேகத்தில் தொடங்குங்கள். இயந்திரத்தைப் போடும்போது கட்டை சுழலும் தளத்துக்கு நேரே நிற்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். சாவி சக்கில் இல்லை என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கிண்ணம் முடிந்தபின் குமிழை எடுத்து அடியைச் சீராக்க, ரப்பர்ப் பொத்தான்கள் உள்ள கோல் (Cole) தாடை என்று ஒன்று விற்கிறார்கள். முதலிலேயே அதை வாங்க வேண்டாம். ஒரு வட்டப் பலகையை ஃபேஸ்பிளேட்டில் மாட்டி, மேலே கெட்டித் துணி ஒட்டி, கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, டெயில்ஸ்டாக்கால் குமிழை அழுத்திப் பிடித்தால் போதும். மையத்தில் விரல் தடிமனுக்கு மிஞ்சும் துண்டை உளியால் கையாலேயே சீவிவிடலாம். மிச்சப்பட்ட பணத்தை அந்த 100 மில்லிமீட்டர் தாடைக்குப் போடுங்கள்.