தீவு நாட்டின் தலா வருமானம்: கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரிபட்டி, துவாலு, மாலத்தீவு போன்ற நாடுகளின் தேசியக் கணக்கைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களின் தாள்களில் அதே தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கூட்டல் பிழை, விடுபட்ட பூஜ்யம் ஆகியவை சரிபார்ப்பில் சிக்கிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுவோம். ஒரு தொகையைத் தவறான தலைப்பில் வைப்பதுதான் சிக்காமல் போகிறது. சுமார் 11,000 பேர் வாழும் துவாலுவில் 11 லட்சம் டாலர் இடம் மாறினால் தலைக்கு 100 டாலர் கூடும் அல்லது குறையும். உலக வங்கி ஆண்டுதோறும் ஜூலை 1 அன்று வெளியிடும் வருமானப் பிரிவும், குறைவளர்ச்சி நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேற்றும் முடிவும், வளர்ச்சி உதவிக்கான தகுதியும் இந்த எண்ணைப் பார்க்கின்றன. பிழையின் விலையை அந்த நாட்டு மக்கள்தான் கொடுக்கிறார்கள்.

மீன்பிடி உரிமக் கட்டணத்தை உற்பத்தியில் சேர்ப்பது

எல்லாவற்றிலும் அதிகச் சேதம் செய்வது இது. பட்ஜெட் புத்தகத்தில் உரிமக் கட்டணம் வரிகளுக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும். புதியவர் அதை உற்பத்தி வரி என்று எடுத்து மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேர்த்துவிடுவார். அடுத்த மேசையில் வெளிநாட்டுக் கணக்கைப் பார்ப்பவர் அதே தொகையை வெளியிலிருந்து வந்த வருமானமாகப் பதிவார். மொத்த தேசிய வருமானம் (உள்நாட்டு உற்பத்தியோடு வெளிநாட்டிலிருந்து வரும் வருமானத்தைக் கூட்டி, வெளியே போவதைக் கழித்தது) கணக்கிடும்போது இரண்டும் சேர்ந்து, ஒரே பணம் இருமுறை ஏறிவிடும். கூட்டல் சரியாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. மீன்பிடி உரிமை செல்லுபடியாகும் கடற்பரப்பு நாட்டின் பொருளாதார எல்லைக்குள்தான் வருகிறது. ஆனால் உற்பத்தி யாருடையது என்பதைக் கடல் தீர்மானிப்பதில்லை. கப்பலை இயக்கும் நிறுவனம் எங்கே வசிக்கிறதோ, பிடித்த சூரை மீன் அந்த நாட்டின் உற்பத்தி. தீவு நாட்டுக்குக் கிடைப்பது இயற்கை வளத்தைப் பயன்படுத்த விட்டதற்கான குத்தகை. அது முதன்மை வருமானம், அதாவது உழைப்புக்கோ சொத்துக்கோ கிடைக்கும் வரவு. தேசிய வருமானத்தில் வரும், உள்நாட்டு உற்பத்தியில் வராது. கிரிபட்டியில் தேசிய வருமானம் உள்நாட்டு உற்பத்தியைவிட மிகப் பெரிதாக இருக்க முக்கியக் காரணம் இதுதான். அங்கே தலா உற்பத்தியைத் தலா வருமானம் என்று எழுதினால் நாட்டின் வரவில் பெரிய பங்கு காணாமல் போகும்.

வேலையை இப்படிச் செய்யுங்கள். நவூரு ஒப்பந்த நாடுகள் (சூரை மீன்பிடிப்பைச் சேர்ந்து நிர்வகிக்கும் பசிபிக் தீவு நாடுகள்) மீன்பிடி நாட்களாக உரிமத்தை விற்கின்றன. 2015 முதல் ஒரு நாளுக்கான குறைந்தபட்ச விலை 8,000 அமெரிக்க டாலர். மீன்வளத் துறையிடமிருந்து கப்பல், இயக்குபவர், விற்ற நாட்கள், விலை, பயன்படுத்தும் காலம் ஆகியவை அடங்கிய பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். உள்நாட்டிலேயே தளம் வைத்து இயங்கும் கூட்டு நிறுவனங்களைப் பிரித்தெடுங்கள்: அவற்றின் பிடி உள்நாட்டு உற்பத்தி, அவை கட்டும் கட்டணம் உள்நாட்டுக்குள் கைமாறும் பணம், வெளிநாட்டுப் பங்குதாரருக்குப் போகும் லாபம் தேசிய வருமானத்தில் கழிக்க வேண்டியது. மற்றவர்களின் கட்டணத்தை, பணம் வந்த தேதியில் அல்ல, நாட்கள் உரிய ஆண்டில் பதியுங்கள். டிசம்பரில் வந்த முன்பணம் அடுத்த ஆண்டுக்கானது என்றால் அது இந்த ஆண்டு வருமானம் ஆகாது. கடைசியாகக் கருவூல ரசீதுடன் ஒப்பிட்டு, வித்தியாசம் முழுவதும் முன்பணமும் நிலுவையும்தானா என்று பாருங்கள்.

இதன்பின்னும் ஒரு பொறி இருக்கிறது. கட்டணம் வருவது அமெரிக்க டாலரில். கிரிபட்டி, நவூரு, துவாலு ஆகிய நாடுகளின் கணக்கு ஆஸ்திரேலிய டாலரில். ஒரு அமெரிக்க டாலருக்கு 2013இல் சராசரியாக 1.04, 2014இல் 1.11, 2015இல் 1.33 ஆஸ்திரேலிய டாலர். 2015இல் வந்த 1 கோடி அமெரிக்க டாலர் கணக்கில் 1.33 கோடியாக ஏறும். உலக வங்கியின் அட்லஸ் முறை அதைத் திரும்ப அமெரிக்க டாலருக்கு மாற்றும்போது அந்த ஆண்டையும் முந்தைய இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. பணவீக்கத் திருத்தத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் சராசரி 1.16, முடிவில் 1.15 கோடி அமெரிக்க டாலர் தெரியும். கூடுதலாகத் தெரியும் 15 லட்சம் யாருக்கும் வரவில்லை. முறையை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் எல் நினோ சூரை மீனைக் கிழக்கே தள்ளி கிரிபட்டிக் கடலில் மீன்பிடி பெருகும் ஆண்டும் நாணயம் சரியும் ஆண்டும் ஒன்றானால், வளர்ச்சி என்று எழுதும் முன் அமெரிக்க டாலர் வரவைத் தனியே வைத்துப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் எல்லாப் பணத்தையும் ஒரே கூடையில் போடுவது

ஆக்லாந்தில் குடியேறிவிட்ட மகள் டோங்காவிலுள்ள தாய்க்கு அனுப்பும் பணம் நடப்பு மாற்றல், அதாவது பதிலுக்கு எதுவும் பெறாமல் கொடுப்பது. தேசிய வருமானத்தில் சேராது. மாற்றல்களையும் கணக்கில் எடுக்கும் செலவிடத்தக்க தேசிய வருமானத்தில்தான் சேரும். ஆனால் நியூசிலாந்தின் பருவகாலத் தொழிலாளர் திட்டத்தில் ஏழு மாதம் பழம் பறிக்கப் போனவர் டோங்கா வசிப்பாளராகவே இருக்கிறார். அவருடைய மொத்தச் சம்பளமும், வீட்டுக்கு அனுப்பாத பகுதி உட்பட, தேசிய வருமானம். அங்கே அவர் சாப்பாட்டுக்கும் அறைக்கும் செலவிட்டது பயணச் சேவை இறக்குமதி; கட்டிய வருமான வரி வெளியே போன மாற்றல். வங்கி வழியாக வந்த தொகையை மட்டும் பார்ப்பவர்கள் இங்கே வருமானத்தைக் குறைத்துவிடுகிறார்கள்.

கடலோடிகளுக்கும் இதுவே. ஓராண்டுக்கு மேல் கப்பலில் இருந்தாலும், வீடு தராவாவில் என்றால் அவர் கிரிபட்டி வசிப்பாளர்.

நிதியத்திலிருந்து எடுத்த பணம்

வருமானம் அல்ல. நாட்டுக்காக முதலீடு செய்து வைத்த சேமிப்பு அது. 1956இல் தொடங்கிய கிரிபட்டி நிதியமானாலும் 1987இல் தொடங்கிய துவாலு நிதியமானாலும், அது ஈட்டும் வட்டியும் ஈவுத்தொகையும் சேரும். பங்கு விலை ஏற்றம் சேராது.

கப்பலின் கொடி

எந்தக் கொடி பறந்தாலும், இயக்குபவரின் நாட்டுக் கணக்கு.

வீட்டுக்குப் பிடித்த மீன், மரத்திலிறக்கிய கள்

விற்காவிட்டாலும் உற்பத்திதான். குடும்பச் செலவு ஆய்விலிருந்து அளவை எடுத்து, உற்பத்தி செய்த இடத்து விலையைப் போடுங்கள். தலைநகர்க் கடை விலையை அல்ல.

தவறான மக்கள்தொகையால் வகுப்பது

மேலே வசிப்பாளர்களின் வருமானம் இருந்தால் கீழேயும் வசிப்பாளர்கள்தான் இருக்க வேண்டும். மாலத்தீவின் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 5,15,000 பேர். அவர்களில் சுமார் 1,32,000 பேர் வெளிநாட்டவர். குடிமக்களால் மட்டும் வகுத்தால் தலா வருமானம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உப்பிவிடும். குக் தீவுகளில் எதிர்த்திசைத் தவறு நேரும்: அங்கே மொத்த எண்ணிக்கையில் கணக்கெடுப்பு இரவில் தங்கியிருந்த சுற்றுலாப் பயணிகளும் உண்டு, வசிப்போர் எண்ணிக்கை தனியாக வெளியாகிறது.

இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடைப்பட்ட ஆண்டுகளுக்குப் பிறப்பும் இறப்பும் போதாது. குடிபெயர்வே பெரிய எண் என்பதால் வருகை, புறப்பாடு அட்டைகளையும் சேர்த்து ஆண்டு நடுவிலான தொகையை மதிப்பிடுங்கள். புதிய கணக்கெடுப்பு வந்ததும் முந்தைய ஆண்டுகளையும் திருத்துங்கள். இல்லாவிட்டால் ஒன்பது ஆண்டுப் பிழை முழுவதும் பத்தாம் ஆண்டின் தலையில் விழும்.