தரையில் நிற்காத பீரோ

குடியாத்தத்தில் அம்மா வீட்டுக்குப் புது பீரோ வாங்க வேண்டும். அதற்கு முன், கேமராவில் தெரியும் அறைக்குள் பொருளின் உருவத்தை வைத்துக் காட்டும் ஏஆர் செயலி வழியாகப் போனில் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். பீரோ ஒரு இடத்தில் நிற்கவே இல்லை. இரண்டடி நகர்ந்தால் சுவருக்குள் போனது, திரும்பினால் அந்தரத்தில் தொங்கியது. "என்னடா, கட்டில் மேல ஏறி நிக்குது?" என்றார் அம்மா.

போனைக் குறை சொல்ல முடியாது. கேமராவில் தெரியும் மூலை, கோடு, புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் அசைவு உணரிகள் சொல்வதையும் சேர்த்துத்தான் அது இடத்தைக் கணக்கிடுகிறது. எங்கள் தரையோ பளபளக்கும் வெள்ளை டைல்ஸ். பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. டியூப் லைட்டின் பிரதிபலிப்பு வேறு, நாம் நகர நகரக் கூடவே வரும்.

முதலில் அண்ணனின் லுங்கியை விரித்தேன். எங்கள் ஊர் லுங்கிதான், ஆனால் எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி இருந்ததால் பீரோ கட்டம் விட்டுக் கட்டம் தாவியது. அப்புறம் பழைய செய்தித்தாள்களைக் கோணல்மாணலாகப் பரப்பினேன். ஜன்னலைத் திறந்து, லென்ஸைத் துடைத்து, போனை மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்தினேன். பீரோ ஆணி அடித்த மாதிரி நின்றது.

பீரோவின் கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. டேப் வைத்து அளந்தேன், நாலு அங்குலம் குறைவு. சரி என்று சின்ன பீரோவாகவே வாங்கினோம்.