எடை மெஷினுக்கு முன் இஞ்சு டேப்

கை கால் ஒல்லியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னே தள்ளி நிற்கும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இந்த வாகுள்ள ஆட்கள் எடை மெஷினில் ஏறி, 68 கிலோ என்றதும் ‘பரவாயில்லை’ என்று இறங்கிவிடுவார்கள். அந்த 68 கிலோ எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை மெஷின் சொல்லாது. குடலைச் சுற்றிப் படிந்த கொழுப்பு, கொழுப்பு அமிலங்களை நேரே கல்லீரலுக்கு அனுப்பும். ரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைடு ஏறும், நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும், இன்சுலின் வேலை மந்தமாகும், பிரஷரும் கூடும். மாரடைப்புக்கு வழி இங்கேதான் திறக்கிறது.

அளப்பதற்குத் தையல் டேப் போதும். பழைய டேப் இழுபட்டிருக்கும். ஸ்டீல் ஸ்கேலோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில், சட்டை இல்லாமல், பாதங்களைச் சேர்த்து நில்லுங்கள். கடைசி விலா எலும்பின் அடியையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் பாருங்கள். வயிற்றை எக்காதீர்கள். டேப் முதுகுப் பக்கம் சரிவது சகஜம், கண்ணாடி முன் நின்றால் தெரிந்துவிடும். ‘எனக்கு 34 சைஸ் பேன்ட்தான்’ என்பது கணக்கில் சேராது. அது தொப்பைக்குக் கீழே மாட்டிய பேன்ட். கைலி கட்டும் இடமும் அப்படித்தான்.

ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. வரை இருக்கலாம். ஏதாவது ஆப் ஆண்களுக்கு 102 வரை சரி என்றால் அது அமெரிக்க அளவு, நமக்கு ஆகாது. உயரத்துக்கேற்ற எடைதானா என்று சொல்லும் பிஎம்ஐ எண்ணைப் பார்ப்பதானால் கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுங்கள். இந்தியர்களுக்கு 23-க்கு மேல் கூடுதல் எடை, 25-லிருந்து உடல் பருமன். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு அந்தப் ‘பரவாயில்லை’ 68 கிலோ ஏறக்குறைய 25!

மெஷினை ஆத்தங்குடிக் கல் தரையில் ஆடாமல் வையுங்கள். பாய் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். வாரம் ஒருமுறை போதும். கல்யாண விருந்துக்கு மறுநாள் ஏறும் ஒரு கிலோ பெரும்பாலும் உப்பு பிடித்துவைத்த தண்ணீர்.

இனி அடுப்படி. இளைக்க வேண்டியவருக்கு எல்லா எண்ணெயும் நெய்யும் சேர்த்து நாளுக்கு 20 கிராம் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேர் வீட்டுக்கு மாதம் இரண்டரை லிட்டர் சொச்சம் வரும். மளிகைச் சீட்டில் எத்தனை லிட்டர் என்று பாருங்கள், மிச்சம் உங்களுக்கே புரியும். 15 மி.லி. எண்ணெய் கிட்டத்தட்ட 120 கலோரி.

வெள்ளைப் பணியாரம் சுடும்போது ஒரு சோதனை செய்யலாம். சட்டியில் 500 மி.லி. எண்ணெய் அளந்து ஊற்றுங்கள். சுட்டு முடித்து, ஆறியதும் வடிகட்டித் திரும்ப அளங்கள். 380 மி.லி. மிஞ்சி, 30 பணியாரம் வந்திருந்தால், ஒவ்வொன்றும் 4 மி.லி. குடித்திருக்கிறது. அதற்கு மேல் குடித்தால் பெரும்பாலும் எண்ணெய் காயாமல் மாவை ஊற்றியிருப்பீர்கள், அல்லது மாவு நீர்த்திருக்கும்.

கோழி வறுவலில் எண்ணெய் பிரிந்து நிற்பதைத்தான் பதம் என்கிறோம். ஆனால் நம் ஊர் வாசனை மிளகு, சோம்பு, கல்பாசி, மராட்டி மொக்கிலிருந்து வருகிறது. அவற்றை வெறும் சட்டியில் வறுத்து அன்றன்றைக்கு அரையுங்கள். அரைக் கிலோ கோழிக்கு 3 டீஸ்பூன் எண்ணெய் போதும்: சின்ன வெங்காயத்தில் உப்புப் போட்டு மூடிவைத்தால் தன் தண்ணீரிலேயே வதங்கும், அடிப்பிடித்தால் ஒரு கை தண்ணீர் தெளிக்கலாம். தோலை உரித்துவிடுங்கள். தேங்காயைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் முந்திரி அரைத்து ஊற்றுவதில் லாபமில்லை. மண்டி (அரிசி கழுவிய தண்ணீரில் காய் போட்டு வைக்கும் புளிக்குழம்பு), கோஸ்மல்லி (கத்தரிக்காய் மசியல்) போன்றவற்றைத் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம், தாளிக்கும் எண்ணெயை மட்டும் கரண்டியால் அளந்தால். உப்புக்கண்டமும் வத்தலும் வேறு கதை. நாளுக்கு 5 கிராம் உப்பில் அவை பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும்.

தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போய்வருவது நல்லதுதான், மற்ற 11 மாதமும் உட்கார்ந்திருந்தால் அது ஈடுகட்டாது. வாரம் 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாத வேகத்தில் நடக்க வேண்டும். ஆறு மாதத்தில் இருக்கிற எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பிரஷரும் ட்ரைகிளிசரைடும் இறங்கும். பட்டினி கிடந்து அதைவிட வேகமாக இறக்கினால் தசையும் கூடவே கரையும்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சர்க்கரை திடீரென இறங்கும். நடக்கும்போது நெஞ்சு இறுகி, நின்றதும் விட்டால் நடையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போய் ஈசிஜி எடுங்கள். விடாமல் வலித்தால் 108. ஏற்கெனவே இதயம் பலவீனம் என்று மருந்து சாப்பிடுபவருக்கு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது கொழுப்பாக இருக்க வழியில்லை. உடம்பில் நீர் கோர்க்கிறது, அன்றைக்கே காட்ட வேண்டும்.