ஐபீரியப் புழுப்பல்லியைக் கல்லுக்கடியில் தேடுவது எப்படி

ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் ஐபீரியத் தீபகற்பத்தில் வாழ்வது இந்தப் புழுப்பல்லி. ஸ்பெயினில் இதற்கு ‘குலெப்ரிய்யா சியேகா’ என்று பெயர், குருட்டுக் குட்டிப்பாம்பு என்று அர்த்தம். ஆனால் இது பாம்பு இல்லை, மண்புழுவும் இல்லை. காலில்லாத ஊர்வன, பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே வாழ்வது.

மார்ச்சிலிருந்து ஜூன் தொடக்கத்துக்குள் போங்கள், முந்தின நாள் மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது. கோடையில் மேல்மண் காய்ந்துவிட்டால் இது ஆழத்துக்கு இறங்கிவிடும், எத்தனை கல் புரட்டினாலும் வெறுங்கைதான். ஓக் மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் மேய்ச்சல் நிலம், ஆலிவ் தோப்பு, பழைய கல்சுவர் ஓரம் எல்லாம் சரியான இடங்கள். மண்ணை விரலால் கிளறினால் பொலபொலவென்று உதிர வேண்டும், லேசாக ஈரமும் இருக்க வேண்டும். இறுகிய களிமண் என்றால் அடுத்த இடத்துக்கு நகருங்கள்.

கல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இது வெயில் காய வெளியே வராது, வெயில் பட்ட கல்லின் அடிப்பரப்பில் உடலை ஒட்டிவைத்துச் சூட்டை வாங்கிக்கொள்ளும், சூடு அதிகமானால் கீழே இறங்கும். அதனால் கொஞ்சம் மண்ணில் புதைந்த தட்டைக் கல்லாகப் பாருங்கள், காலை வெயில் அதில் ஏறிய பிறகு. கையுறை போட்டுக்கொண்டு எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கமாகச் சாய்த்துத் தூக்குங்கள், ஏனென்றால் தேளும் பூரானும் அதே கல்லுக்கடியில்தான் இருக்கும், கல்லே உங்களுக்கு மறைப்பு.

இளஞ்சிவப்பிலோ ஊதா கலந்த பழுப்பிலோ, பெரும்பாலும் ஒரு சாண் நீளத்துக்குள், உடல் முழுக்க வளையங்களோடு ஒன்று நெளிந்தால் உற்றுப் பாருங்கள். மண்புழுவுக்கு வழவழப்பு உண்டு, இதற்குக் காய்ந்த செதில், வாய், தோலுக்கடியில் இரண்டு கரும்புள்ளியாகக் கண்கள். பின்னோக்கியும் நகரும், பார்க்க அவ்வளவு அழகு! ஐபீரியத் தீபகற்பத்தின் தென்மேற்கில் இருப்பதை 2009இல் தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள், வெறும் கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம்.

கையில் எடுக்காதீர்கள், ஸ்பெயினில் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரி. படம் எடுத்தால் போதும். அப்புறம், தயவுசெய்து புரட்டிய கல்லை அப்படியே போட்டுவிட்டுப் போகாதீர்கள். அடியிலிருக்கும் ஈரம் ஒரே நாளில் காய்ந்துவிடும், எறும்பும் புழுவும் போய்விடும், அதற்குச் சாப்பாடும் இல்லை வீடும் இல்லை. புழுப்பல்லியை ஒரு இலையால் மெதுவாக ஓரமாகத் தள்ளிவிட்டு, கல்லை அதன் பழைய பள்ளத்திலேயே பொருந்தும்படி வைத்து, அதைக் கல்லின் விளிம்போரம் விடுங்கள். தலையை நுழைத்து அதுவே உள்ளே போய்விடும்.